மடியில் வைத்தால் எடையில்லை

விமானத்தளக் குடியிருப்பு, அடிவாரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு மேனகா எழுதுவது.

ஐப்பசியில் அப்பாவின் காரியத்தன்று, பந்தலில் அத்தனை பேர் முன்னால், "இனி இவ குரல் எங் காதுல உழுகப்படாது" என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தீர்கள். குரல்தானே கூடாது என்றீர்கள், கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அப்பா போன அன்றைக்கு நீங்கள் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தீர்கள். கவுண்டரில் உட்காரும்போது போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. விமானம் கிளம்பிய பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி நான் வந்து சேர்ந்தபோது நீங்களெல்லாம் குளித்து ஈரத்துணியோடு நின்றிருந்தீர்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அது எனக்கு வலிக்காது என்று நினைக்கிறீர்களா?

"அப்படி என்னடி பெரிய உத்தியோகம்?" என்றும் கேட்டீர்கள். பெரியதெல்லாம் இல்லை. ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம், மூக்கில் ஒரே ஒரு விசிறி. இங்கிருந்து புதுச்சேரிக்கு முக்கால் மணி நேரம். ஏறுகிறவர்களின் எடை, பைகளின் எடை, எரிபொருளின் எடை எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதி பைலட்டிடம் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளை நம்பித்தான் அவர் விமானத்தைத் தூக்குகிறார். தாள் இல்லாமல் அது நகராது. அதனால்தான் பாதியில் எழுந்து போய்ப் போனைப் பார்க்க முடியவில்லை.

தினம் மத்தியானம் ஒரு மணிக்கு நம் மிளகுத் தோட்டத்துக்கு நேர் மேலேதான் அது மலையைத் தாண்டும். ஒரு நாள் நிமிர்ந்து பாருங்கள். அண்ணியையும் தேன்மொழியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேனகா


திருப்புலி நாடு, கொல்லிமலை
20 ஜனவரி 2025

மேனகாவுக்கு,

கடுதாசி வந்தது. கிழிக்கவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

சத்தியம் சத்தியம்தான். உன் நம்பரை தேன்மொழியை விட்டு அடைத்து வைத்திருக்கிறேன். உன் அண்ணி போனுக்கும் கூப்பிட்டு அவளைச் சங்கடப்படுத்தாதே. எதுவானாலும் எழுது. மூச்சு அடங்குகிற வரைக்கும் அப்பா, "மேனகா பஸ் ஏறிட்டாளா, மேனகா பஸ் ஏறிட்டாளா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறிவிட்டாள் என்று நான் பொய் சொன்னேன். சாகப்போகிறவரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். என் ஆத்திரமெல்லாம் அதுதான்.

விமானத்தைப் பார்த்தேன். மேலே, ரொம்ப மேலே, ஒரு பருந்து அளவுக்குப் போகிறது. தேன்மொழி கையை ஆட்டுகிறாள். "அத்தை ஏத்தியுட்ட ப்ளேனுப்பா" என்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு நம் சண்டை தெரியாது.

மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது. வேலை கிடக்கிறது.

பொங்கியண்ணன்


அடிவாரம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நீங்கள் அப்பாவிடம் சொன்ன பொய்யைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு சொல்கிறேன். ஆரம்பத்தில் நாலு பேர் ஏறினால் பெரிய கூட்டம். இப்போது ஒன்பது சீட்டும் நிரம்புகிறது. எல்லாம் நம் பக்கத்து ஜனம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள். போன வாரம் எடப்புளி நாட்டிலிருந்து நஞ்சம்மாள் என்று ஒரு அம்மா. எடை மெஷினில் ஏறச் சொன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங் கண்ணு, என்னைய எதுக்கு நிறுக்கோணும்? நானென்ன மரவள்ளி மூட்டையா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. கண்ணு பட்டுவிடும் என்று மெஷினைத் தொடவே இல்லை. கையிலிருந்த பையை வைக்கச் சொன்னேன். "இதை மடியில வெச்சுக்கறனுங். பஸ்ஸுல மடியில வெச்சா லக்கேஜா போடறாங்க?" என்றாள்.

அது வழக்கமாகவே ஆகிவிட்டது. மடியில் வைத்தால் எடையில்லை என்று எல்லாரும் பையை மடியில் அணைத்துக்கொள்கிறார்கள். மேனேஜர் பிரேம், "பழகுன ஜனத்தை மெஷின்ல ஏத்தி அவமானப்படுத்தாதீங்க. ஆம்பளைக்கு அறுவது, பொம்பளைக்கு அம்பத்தஞ்சு, உத்தேசமா போடுங்க" என்றார். நானும் போடுகிறேன். பைலட் நம் சேந்தமங்கலத்துப் பையன், அர்ஹான். நான் நீட்டினால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவான். அவ்வளவு நம்பிக்கை.

தேன்மொழியின் கையாட்டலை அவனிடம் சொல்லட்டுமா?

மேனகா


திருப்புலி நாடு
24 பிப்ரவரி 2025

மேனகாவுக்கு,

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பத்து நாளாக விமானம் தாழ வருகிறது. பருந்து அளவெல்லாம் போய்விட்டது, இப்போது வயிற்றில் எழுதியிருக்கிற எழுத்தைத் தேன்மொழி எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். சத்தம் கேட்டு மாடு மிரளுகிறது. ஊரில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன், "ஏனுங் பொங்கியண்ணா, உங்க தங்கச்சி சொல்லித்தானே நம்மூரு மேல வந்தா மட்டும் எறங்கி மரியாதை பண்ணிட்டுப் போகுது?" என்கிறான்.

எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மனதுக்கு என்னவோ போல் இருந்தது. நீ சொன்னதா?

பொங்கியண்ணன்


அடிவாரம்
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

"எங்க அண்ணன் தோட்டம் வரும்போது கொஞ்சம் எறக்கிப் போ தம்பி" என்று அர்ஹானிடம் சொன்னேன். சரிங்கக்கா என்றான். அப்பாவுக்கு வந்து நிற்க முடியாமல் போனவள், தினமும் உங்கள் தலைக்கு மேல் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேனகா


திருப்புலி நாடு
18 மார்ச் 2025

கண்ணு மேனகா,

உன் கடுதாசியைக் கருப்பண்ணன் டீக்கடையில் வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டான். அவன் வாயை யார் கட்டுவது? அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் நம் மேட்டுப் பாறையில் முப்பது நாற்பது பேர் கூடிவிடுகிறார்கள். பொம்பளைகள் சோற்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மணிக்குத் துண்டு, சேலைத் தலைப்பு, குடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வீசுகிறோம். என்னை இப்போது யாரும் மிளகுக்காரன் என்று சொல்வதில்லை, ப்ளேன்காரி அண்ணன் என்கிறார்கள். இந்த வயதில் எனக்கு இந்தப் பெருமை தேவையா?

நேற்று வந்தது பார், அடடா! மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் உச்சி ஆடியது. நிழல் எங்கள் மேல் விழுந்து ஓடியது. பைலட் தம்பியின் முகமே தெரிந்தது. நாங்கள் கத்துகிறோம், அவன் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் எதையோ பிடித்துக்கொண்டு, பாரம் தூக்குகிறவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கூச்சப்படுகிற பையன் போல. அவனிடம் சொல், ஒரு தடவை கையாட்டினால் கிரீடம் இறங்கிவிடாது.

கருப்பண்ணன் குடும்பம் நாலு பேர் உங்கள் விமானத்தில் வருகிறார்கள். மிளகு, தேன், மலைவாழைத் தார் எல்லாம் மடியில்தான் வைத்துக்கொள்வார்கள். கேட்டால் அம்பத்தஞ்சு கிலோ என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது.

அண்ணன்


அடிவாரம்
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

இதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள். யாரிடமும் படித்துக் காட்ட வேண்டாம்.

மரத்து உச்சிக்கும் விமானத்துச் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? மலைக்கு வருகிறபோது மூக்கு நிமிர்ந்து வால் தாழ்ந்து வருகிறதா? சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, திணறுகிறதா? வெயில் ஏறிய நாளில் இன்னும் தாழ வருகிறதா?

இன்னொன்று. அந்தப் பாறைக்கு தேன்மொழியை அனுப்பாதீர்கள். வெயில் ஆகாது.

மேனகா


திருப்புலி நாடு
5 ஏப்ரல் 2025

கண்ணு,

உன் கேள்வியெல்லாம் போலீஸ்காரன் கேட்பது மாதிரி இருக்கிறது. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். நடுவில் இரண்டு தென்னை உயரம் இருக்கும். போன மாதம் நாலு தென்னை இருந்தது. வால் தாழ்ந்துதான் வருகிறது. சத்தம் முன்னைப் போல் இல்லை, மேடு ஏறுகிற லோடு லாரி மாதிரி முக்குகிறது. வெயில் நாளில் இன்னும் கிட்டே வரும். உனக்கு யாராவது கண்ணு வைத்துவிட்டார்களா? ஏன் இப்படிப் பயப்படுகிறாய்?

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேட்டால் உனக்கே சந்தோஷமாக இருக்கும். மலைக்கு நேராக வந்த விமானம் சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. போய்விட்டதே என்று எல்லாரும் சோர்ந்து போனோம். ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு மறுபடி வந்து எங்கள் தலைக்கு மேல் தாண்டிப் போனது. "மலையைச் சுத்தி வலம் வந்துட்டுப் போகுதுடா சாமி" என்று பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துலுக்கப் பையனுக்கு நம் சாமி மேல் எவ்வளவு பக்தி பார் என்று கருப்பண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சத்தியத்தைப் பற்றிப் பூசாரியிடம் கேட்டேன். சித்திரையில் ஒரு பொங்கல் வைத்துவிட்டு இறக்கிவைக்கலாம் என்றார். உன் குரலைக் கேட்டு அஞ்சு மாதம் ஆகிறது. போதும், எனக்கே போதும் என்று ஆகிவிட்டது.

அண்ணன்


அடிவாரம்
23 ஏப்ரல் 2025

அண்ணா,

இதை உட்கார்ந்து, தனியாகப் படியுங்கள்.

நான் சொன்னது பொய். தாழப் பற என்று நான் அர்ஹானிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் "நீ சொன்னதா?" என்று கேட்டபோது, ஆமாம் என்றால் உங்கள் கோபம் தீருமே என்று ஆசைப்பட்டுவிட்டேன். அந்த விமானம் உங்களுக்காகத் தாழ வரவில்லை. ஏற முடியாமல் வருகிறது. நீங்கள் எழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமை அது வலம் வரவில்லை, மலையைத் தாண்ட உயரம் போதாமல் திரும்பிப் போய்ச் சுற்றி ஏறி வந்தது.

காரணம் நான். உத்தேசம் உத்தேசம் என்று என் கையால் எழுதிய தாள்கள். திங்கட்கிழமை வீம்பாக நின்று, ஒன்பது பேரையும் கெஞ்சி மெஷினில் ஏற்றினேன். மடியில் இருந்ததையெல்லாம் வாங்கி நிறுத்தேன். வழக்கமாக எழுதுகிற கணக்கைவிட நூற்றெண்பது கிலோ அதிகம், அண்ணா. தாளில் இல்லாத மூன்று ஆட்களைத் தினமும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வெயிலில் காற்று லேசாகிவிடும், விமானத்தைத் தாங்காது. தை மாதம் தாங்கியது சித்திரையில் தாங்காது. பயிற்சியில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

போன மாதமே அர்ஹான் கேட்டான். "அக்கா, நீங்க எழுதற எடை சரிதானே? வண்டி தூக்கவே மாட்டேங்குது" என்றான். "சரிதான் தம்பி" என்றேன். அப்படியானால் வெயில்தான் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். நீங்கள் பார்த்த அந்த முகம் கூச்சப்பட்ட முகம் இல்லை.

திங்கட்கிழமைத் தாளைப் பிரேமிடம் காட்டினேன். மூன்று பேரை இறக்க வேண்டும் என்றேன். என் அடையாள அட்டையை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, "ஒரு வாரம் லீவு எடுத்து மனசை ஆறப் போடுங்க" என்றார். நேற்றிலிருந்து கவுண்டரில் அனுராதா என்று ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். உத்தேசமாகப் போடு என்றுதான் அவளுக்கும் சொல்லியிருப்பார்கள். அர்ஹான் அவனுடைய அக்கா தஸ்னீம் நிக்காஹுக்காக லீவில் இருக்கிறான். போனில் அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "எனக்குப் பதிலா வர்றவருக்குச் சொல்லிப் பார்க்கறேங்கக்கா. திங்கக்கிழமை நானே வந்துடுவேன்" என்றான். அதுவரை ஓட்டுகிறவர் வடக்கே சமவெளியில் ஓட்டிப் பழகியவராம். நம் மலையை அவர் பார்த்ததில்லை.

சென்னையில் இருக்கும் விமானத் துறை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. அதனால் இன்று ரயிலில் நானே போகிறேன். என் தாள்களை எல்லாம் மேசையில் வைத்து, இது என் கையெழுத்து, என் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். வேலை போகட்டும், கேஸ் போட்டால் போடட்டும்.

புயல் மழைக்குப் பிறகு மலையில் மூன்று நாளாக டவர் இல்லை. அண்ணி நம்பர், கருப்பண்ணன் நம்பர், டீக்கடை நம்பர் எதுவும் போகவில்லை. இதை பஸ் கண்டக்டர் மாணிக்கத்திடம் கொடுக்கிறேன். அவர் இனி நாளை மத்தியானம்தான் மலை ஏறுவாராம். கையில் கிடைத்ததும் பாறையைக் காலி செய்யுங்கள். ஒருத்தரும் அங்கே நிற்கக் கூடாது. நம் ஊரிலிருந்து யாரும் அந்த விமானத்தில் ஏற வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். என்னைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இந்தத் தடவை நான் நேரத்துக்கு வந்துவிட வேண்டும், அண்ணா. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மேனகா


மேட்டுப் பாறை
24 ஏப்ரல் 2025, மத்தியானம்

சாமி மேனகா,

பாறையில் உட்கார்ந்து, தேன்மொழியின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். சுற்றிலும் ஒரே கூச்சல். எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே.

காலையில் பொங்கல் வைத்தாயிற்று. பூசாரி திருநீறு பூசி, "போய் உந் தங்கச்சிகிட்டப் பேசு போ" என்றார். சத்தியம் இறங்கிவிட்டது. டவர் மட்டும் வரட்டும், முதல் போன் உனக்குத்தான். நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதற்குள் நான் அனுப்பிய ஆட்களைப் பார்த்து நீ வாயைப் பிளந்திருப்பாய்! உன் அண்ணியும் தேன்மொழியும்தான். முன்னமே சீட்டு எடுத்தால் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய் என்று, நேற்று சாயங்காலம் சேந்தமங்கலத்தில் விமான டிக்கெட் போடுகிற ஹபீப் ரஹ்மான் பாய் கடைக்கு ஆள் அனுப்பி எடுத்தேன். நம் பக்கத்தில் இருந்து இன்னும் ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஜீப் வைத்து விடியும்போதே அனுப்பிவிட்டேன். மேலேயிருந்து நம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை மூன்று மாதமாக உயிரை எடுத்தது. கவுண்டரில் அத்தை கையால் ஏறுகிற சீட்டு வாங்கி, அத்தை ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். புதுப் பாவாடை சட்டை. கன்னத்தில் பொட்டு வைத்தாளா உன் அண்ணி? நான் சொல்லித்தான் அனுப்பினேன்.

உனக்கு ஒரு பை மிளகு, பைலட் தம்பிக்கு ஒரு பை, புதுச்சேரியில் அண்ணியின் அக்காவுக்கு இரண்டு பை. எல்லாம் மடியில்தான். நீ கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

நீ கேட்டுக்கொண்டபடி தேன்மொழியைப் பாறைக்கு விடவில்லை பார்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளத்துக் காற்று சூடாக ஏறி வருகிறது. மணி ஒன்று அடிக்கப் போகிறது. இன்றைக்கு அறுபது பேருக்கு மேல் இருக்கும், அரியூர் நாட்டிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். தேன்மொழி எந்தப் பக்கத்து ஜன்னல் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தியிருக்கிறேன்.

சத்தம் கேட்கிறது. எல்லாரும் மேலே பார்க்கிறார்கள், மேலே ஒன்றையும் காணோம். கருப்பண்ணன்தான், "அண்ணா, கீழ பாருங்க, கீழயிருந்து வருது" என்று கத்துகிறான். ஆமாம், கீழே பள்ளத்திலிருந்துதான் வருகிறது. விமானத்தின் முதுகு தெரிகிறது, மேனகா, இதுவரை நாங்கள் அதன் முதுகைப் பார்த்ததே இல்லை. பிள்ளைக்காக இவ்வளவு கிட்டே வரச் சொல்லியிருக்கிறாயா நீ?

நேராக எங்களைப் பார்த்துத்தான் வருகிறது. துண்டை வீச வேண்டும், பேனாவை வைக்கிறேன்.